கல்லாற்றில் காட்டிய பச்சை

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஏமாற்றிவிட்டேன் என்று பிறகு நீங்கள் வருந்தக்கூடாது. ஒரு பத்திரிகையின் மழைக்கால இதழுக்காக, நீலகிரி மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் வகை நீராவி எஞ்சினைப் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். (இழுக்கும் இல்லை, தள்ளும். அதைப் பிறகு சொல்கிறேன்.)

அதற்காகவே மேட்டுப்பாளையத்தில் வண்டியேறினேன். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றபோது எல்லோரும் இறங்கிப் படமெடுத்துக்கொண்டார்கள். குரங்குகள் பிஸ்கட்டுக்குக் காத்திருந்தன. டீக்கடைப் பலகையின் ஒரு முனையில் ஓட்டுநர் டீ குடித்தார். மறுமுனையில், சுருட்டிய கொடிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் டீ குடித்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் இருவருக்கும் ஒரே மூக்கு. நுனி சற்றே இடப்பக்கம் சாய்ந்த, அகலமான மூக்கு.

என்னிடம் இருந்தது அவ்வளவுதான். நான் போய்ப் பேசவில்லை. பேசியிருந்தால் அவர்கள் உறவே இல்லை, மூக்கு தற்செயல் என்று தெரிந்திருக்கும். கட்டுரையும் உரிய நாளில் போய்ச் சேர்ந்திருக்கும்.

2

தொடக்கங்கள்:

"மலைகளின் அரசியின் மடியில் தவழ்ந்து வரும்..." [அடித்துவிட்டேன்.]

"1914ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையிலிருந்து முதல் எஞ்சின்கள் கப்பலேறின. உலகப் போர் தொடங்கிய ஆண்டு அது. கப்பல்..." [கப்பலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இது கட்டுரைக்குச் சரி, கதைக்கு ஆகாது.]

"ரேணுகா அந்தக் காலை பச்சைக் கொடியை அசைத்தபோது, பின்னாலிருந்த அண்ணனுக்கு..."

மூன்றாவது வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. முடிக்க வேண்டுமென்றால் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆகவே கட்டுரையிலிருந்து ஒரு துண்டை இங்கே ஒட்டுகிறேன். பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் அதன் கடைசிப் பத்தியைத் தாண்ட வேண்டாம்.

3

இந்த எஞ்சினுக்கு நான்கு உருளைகள். கீழே இரண்டு, மேலே இரண்டு. [உருளை என்பதைச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்டு போய்ப்போய் வரும். அதைத் தள்ளுவது நீராவி.] மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பெரிய ஏற்றமில்லை. அங்கே கீழ் உருளைகள் மட்டும் வேலை செய்யும். மற்ற ரயில்களைப்போலச் சக்கரங்களை உருட்டும்.

கல்லாற்றில் மலை தொடங்குகிறது. பன்னிரண்டு பன்னிரண்டரை அடி போனால் ஓரடி உயரும் ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ரம்பம்போலப் பல் வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கும் பற்சக்கரம் அவற்றைக் கடித்துக் கடித்து ஏறும். அந்தப் பற்சக்கரத்தைச் சுழற்றுவது மேல் உருளைகள். அவற்றுக்கென்று தனியாக நீராவி கிடையாது. கீழ் உருளைகள் வேலை வாங்கிவிட்டு வெளியே தள்ளும் நீராவிதான் மேலே போகிறது. சாதாரண எஞ்சின் ஊதித் தள்ளிவிடும் மிச்சத்தைக் கொண்டு இது குன்னூர் வரை ஏறிவிடுகிறது. நூறாண்டுக்கும் மேலாக இப்படித்தான். நிலக்கரி போட்ட இடத்தில் பல எஞ்சின்களுக்கு எண்ணெய் வந்தது. பழையவை தேயத் தேய, பொன்மலைப் பணிமனையில் புதியவற்றையும் செய்து அனுப்பினார்கள். வடிவத்தை மாற்றத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை.

இனி, தாண்டக்கூடாத பத்தி. மலையேறும்போது எஞ்சின் வண்டியின் பின்னால் இருக்கும். பெட்டிகள் கழன்றுகொண்டால் உருண்டோடாமல் தாங்குவதற்காக. அதனால் ஓட்டுபவருக்குப் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் ஒருவர் நின்று பாதையைப் பார்ப்பார். பாதை நன்றாக இருந்தால் பச்சைக் கொடி காட்டுவார். அடுத்த பெட்டியின் பிரேக் ஊழியர் அதைப் பார்த்துத் தானும் பச்சை காட்டுவார். அப்படியே கைமாறிக் கைமாறி அந்தப் பச்சை கடைசியில் ஓட்டுநரின் கண்ணுக்கு வரும். அவர் விசில் கொடுத்துவிட்டு, தான் பார்க்காத பாதையில் வண்டியைத் தள்ளுவார்.

4

முகப்பில் நின்றவளுக்கு ரேணுகா என்று பெயர் வைத்தேன். ஓட்டுநருக்குத் தங்கவேலு. அண்ணன், தங்கை.

அவர்களுடைய அம்மா மருதாம்பாள் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களோடு, தங்கவேலுவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்தாள். மண்டபம் முகாமிலிருந்து ரயிலில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து இதே வண்டியில் மலைமேல். ரேணுகா பல ஆண்டுகள் கழித்துக் கோத்தகிரிப் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தின் ஓர் அறையில் பிறந்தாள். மருதாம்பாள் கடைசிவரை ரயிலைக் கோச்சி என்றுதான் சொன்னாள். மகன் எஞ்சின் ஓட்டுகிறவனானதும், "எம் மகன் கோச்சி ஓட்டுறான்" என்று தேயிலை நிறுக்கும் இடத்தில் எல்லோரிடமும் சொன்னாளாம்.

ரேணுகாவின் கணவன் இதே வண்டியில் பிரேக் ஊழியனாக இருந்தான். காய்ச்சலில் போய்விட்டான். அந்த வேலை அவளுக்கு வந்தபோது, வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். "நீ முன்னால நின்னா நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன் பாப்பா" என்றார் தங்கவேலு. அவளுக்கு வயது நாற்பதை நெருங்கியபோதும் அவருக்கு அவள் பாப்பாதான்.

வண்டி நிற்கும் இடங்களில் அண்ணனும் தங்கையும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டார்கள். அவர் குன்னூரில் மனைவி சுஜாதாவோடு இருந்தார். ரேணுகா மேட்டுப்பாளையம் குடியிருப்பில் அம்மாவை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்கு வந்துவிட்டால் அம்மாவைப் பக்கத்து வீட்டு ஆபிதா பார்த்துக்கொள்வாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, வண்டி கல்லாற்றில் நின்றிருந்தபோது ரேணுகாவின் கைபேசி அடித்தது. ஆபிதா.

"ரேணு, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். மகனுக்குச் சொல்லிருங்கங்கறாரு டாக்டரு. அண்ணன் போனே எடுக்கல."

"டூட்டியில ஆப் பண்ணித்தான் வெச்சிருக்கும்க்கா."

"நீ போய்ச் சொல்லிரு கண்ணு."

"சரிங்க்கா."

அவள் நடந்தாள். முதல் பெட்டியைத் தாண்டினாள், இரண்டாவதைத் தாண்டினாள். எஞ்சினின் அருகே தங்கவேலு குனிந்து, பற்சக்கரத்துக்கு எண்ணெய் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாற்றிலிருந்து மேட்டுப்பாளையம் பக்கம்தான். ஏதாவது ஒரு பஸ்ஸைப் பிடித்தால் போய்விடலாம். ஆனால் அவர் இறங்கிவிட்டால் வண்டியை எடுக்க வேறு ஓட்டுநர் இல்லை. இறங்காமல் ஏறினாலோ, கலங்கிய மனதோடு அந்தச் செங்குத்தில், பார்க்க முடியாத பாதையில் போக வேண்டும். பெட்டிகளில் பள்ளிப்பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். போன மழைக்கும் அம்மாவுக்கு இப்படித்தான் இழுத்தது; பொழுது சாய்வதற்குள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

ரேணுகா திரும்பி நடந்தாள். முகப்பில் ஏறி நின்றாள். பச்சையைக் காட்டினாள். பின்னாலிருந்து விசில் வந்தது.

கல்லாற்றுக்கு மேலே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. குன்னூருக்கு முந்தைய காட்டேரி நிலையத்தருகே அது உயிர்பெற்றபோது ஆபிதாவின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. வண்டி அதற்கும் முந்தைய ரன்னிமேடு நிலையத்துக்கு வருமுன்பே மருதாம்பாள் போய்விட்டிருந்தாள். குன்னூரில் வண்டி நின்ற பிறகு ரேணுகா எஞ்சினிடம் போய் அண்ணனிடம் சொன்னாள்.

மயானத்திலிருந்து திரும்பியதும், ஆபிதா வழியாக விவரம் தெரிந்திருந்த தங்கவேலு அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "கல்லாத்துலயே உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பச்சை காட்டுனே."

அதன்பிறகு தங்கையிடம் அவர் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அதையும் மரியாதையாகப் பேசினார்.

"தண்ணி ரொம்பிருச்சுங்களா?"

"கிளம்பலாமுங்களா?"

இந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவரிடமும் அன்பாக வருகிற சொல் இந்த 'ங்க'. அவள் கூடப்பிறந்தவள். ஒவ்வொரு 'ங்க'வும் அவளை ஓரடி தள்ளி நிறுத்தியது.

5

(இங்கே எனக்குத் தங்கவேலுமேல் சந்தேகம் வருகிறது. இத்தனை ஆண்டுகள் ஒருவர் தங்கையோடு பேசாமலிருப்பாரா? வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டு போயிருக்கலாமே? போயிருக்கலாம். போகவில்லை. பேசாமலிருப்பதற்கும் அவள் அருகில் இருக்க வேண்டியிருந்ததோ என்னவோ. இதைக் கட்டுரையில் எழுதியிருந்தால் ஆதாரம் கேட்பார்கள்.)

ரேணுகாவைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. காலையில் முகப்பில் ஏறும்போது அவள் கொடியை ஒருமுறை உதறிவிட்டுக்கொள்வாள். வளைவுகளில் வண்டி உடம்பை வளைக்கும்போது திரும்பிப் பார்த்தால் எஞ்சினின் சன்னல் தெரியும், அதில் அவர் முழங்கை தெரியும். அந்த முழங்கையை அவள் பார்த்துக்கொள்வாள். பச்சையை விதி கேட்பதைவிடச் சற்று நேரம் கூடுதலாகக் காட்டுவாள். விசில் வரும். அளவாக வரும். அதில் ஏதாவது ஓர் இழுப்பு, ஒரு கூடுதல் மூச்சு இருக்கிறதா என்று அவள் காது தேடும். வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கும்போதும் தேடிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை ஆபிதா கேட்டாள்: "நீயே போய்ப் பேசிட்டா என்ன ரேணு?"

"என்னன்னு பேசறதுங்க்கா? தப்பு பண்ணிட்டேன்னு சொல்லலாம். தப்புதானான்னு எனக்கே தெரியலியே. அதே வண்டி, அதே கூட்டம்னா நாளைக்கும் நான் அதத்தான் செய்வேனோ என்னமோ."

வரும் பங்குனியோடு தங்கவேலு ஓய்வுபெறுகிறார். அதன்பிறகு விசில் வேறு யாருடையதாகவோ இருக்கும்.

6

இந்த இடத்தில் கதை திரும்ப வேண்டும். இரண்டு திருப்பங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அதே கல்லாறு. அதே கைபேசி. இப்போது உடம்புக்கு முடியாமல் விழுந்தது தங்கவேலுவின் மனைவி சுஜாதா. ரேணுகா மறுபடி சொல்வதா வேண்டாமா என்று... [எழுதி முடித்தேன். நன்றாகக்கூட வந்திருந்தது. அதனாலேயே நம்பிக்கை போய்விட்டது. என் வசதிக்காகச் சுஜாதாவைப் படுக்கையில் போட எனக்கு மனமில்லை. இந்தக் கதையில் சுஜாதா நலமாக இருக்கிறாள், கொல்லையில் பீன்ஸ் பறிக்கிறாள்.]

இரண்டாவது: மருதாம்பாள் ஆபிதாவின் கையைப் பிடித்து, "கோச்சி மேல போகட்டும், அவன எறக்காதே" என்று சொல்லிவிட்டுக் கண்மூடினாள். அந்தச் சொல்லை ஆபிதா... [இல்லை. மருதாம்பாளுக்குக் கடைசிவரை நினைவு திரும்பவேயில்லை. ஆபிதா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்: "ஒண்ணும் சொல்லல கண்ணு. மூச்சுத்தான் இருந்துச்சு, அப்புறம் அதுவும் இல்ல." செத்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு உயிரோடிருப்பவர்களைச் சமாதானப்படுத்துவது என்னால் ஆகாது.]

ஆகவே மூன்றாவதாக, அந்த மலையில் ஐப்பசி கார்த்திகையில் சாதாரணமாக நடக்கிற ஒன்றையே நடக்கவிட்டேன். ஒரு பாறை விழுந்தது.

7

இரவெல்லாம் பெய்த மழை காலையிலும் விடவில்லை. அடர்லி நிலையத்தைத் தாண்டி ஹில்குரோவுக்கு முந்தைய வளைவில், பாதையின்மேல் பாறை கிடப்பதை ரேணுகா பார்த்தாள். சிவப்பைக் காட்டினாள். சிவப்பு கைமாறிப் பின்னால் போனது. பிரேக்குகள் இறுகின. வண்டி ஒரு முனகலோடு நின்றது.

கார்டு பாலு இறங்கிப் பார்த்தார். ஹில்குரோவுக்குச் செய்தி சொல்ல ஏற்பாடு செய்துவிட்டு ரேணுகாவிடம் திரும்பினார்.

"சின்னதுகளை நாமளே தள்ளிருவோம். எஞ்சின்ல இருக்கற பையன கடப்பாரையோட வரச் சொல்லும்மா. உங்கண்ணன்கிட்டயும் வெவரத்தச் சொல்லிரு. கொடிய வெச்சு எவ்வளவுதான் சொல்ல முடியும்."

மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் பெட்டிகளின் ஓரமாகக் கீழே நடந்தாள். ஒருபக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பள்ளம். எஞ்சின் உதவியாளன் கதிர் கடப்பாரையோடு மேலே ஓடினான். தங்கவேலு சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாறைங்களா, மண்சரிவுங்களா?"

"பாறைங்க. பெருசு ஒண்ணு பல்சட்டத்து மேலயே குந்தியிருக்குதுங்க."

"சட்டத்துக்கு ஏதாவது ஆயிருக்குதுங்களா?"

"தூக்குனாத்தான் தெரியுமுங்க."

மழை வலுத்தது. அவர் கொஞ்சநேரம் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நனையறீங்க. மேல ஏறி நில்லுங்க" என்றார்.

அவள் ஏறினாள். கொதிகலனின் சூடு முகத்தில் அடித்தது. எண்ணெய் வாடை, ஈரத்துணி வாடை. அம்மா போன நாளிலிருந்து அவள் அந்த எஞ்சினுக்குள் ஏறியதில்லை. இருவர் நிற்கத்தான் இடம். தொட்டுவிடாமல் நிற்க இருவரும் சிரமப்பட்டார்கள். நின்ற வண்டியிலும் நீராவியை விடாமல் காப்பாற்ற வேண்டும். அவர் ஒரு திருகைத் திறந்து மூடினார், கையிலிருந்த துணியால் ஏற்கெனவே பளபளத்த பிடியைத் துடைத்தார்.

கேட்க வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கேட்டுவிட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் சொல்லியிருந்தா எறங்கிப் போயிருப்பியா?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"நானும் அதத்தான் கேட்டுட்டு இருக்கேன்."

"யாருகிட்ட?"

"எங்கிட்டத்தான்."

மேலே கடப்பாரை பாறையில் மோதும் ஓசை கேட்டது. யாரோ ஆட்களை ஒதுங்கச் சொன்னார்கள்.

"போயிருக்க மாட்டேன்" என்றார் தங்கவேலு. "வேற ஆள் கிடையாது, வண்டி நெறையச் சனம், மேல கொண்டுபோய் நிறுத்திட்டு வந்துர்றேன்னு உன்கிட்டச் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள அம்மா போயிரும்னு எனக்கு என்ன தெரியும். நீ சொல்லாம விட்டதால, சொல்லியிருந்தா ஓடிப்போயிருப்பேன்னு நெனச்சுக்க எனக்கு ஒரு எடம் கெடச்சுது. நல்ல எடம். போய் ஒக்காந்துக்கிட்டேன்."

ரேணுகா அவரைப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகளாக அவள் ஏங்கியது அவர் பேசுவதற்கு. இப்போது பேசிவிட்டார். நெஞ்சு இளகும் என்று நினைத்திருந்தாள். அது எரிந்தது.

"அதுக்கு நாந்தான் கெடச்சனா அண்ணே?"

அவர் துணியை மடித்து வைத்தார்.

"ஆமா" என்றார். "வேற யாரு இருக்கா எனக்கு."

8

இதற்குமேல் அவள் ஏதாவது சொல்ல வேண்டும். எழுதிப் பார்த்தவை:

(அ) அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். [இடமில்லை. ஒரு பக்கம் கொதிகலன், ஒரு பக்கம் பிடிகள். அதோடு, அவள் கோபமாக இருக்கிறாள். அதை நான் பிடுங்கிக்கொள்ளக்கூடாது.]

(ஆ) அவள் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனாள். அன்றிலிருந்து பங்குனிவரை பேசாமலிருப்பது அவள் முறையானது. [நியாயம்தான். ஆனால் இதை எழுதிவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.]

(இ) "அண்ணே, நான் சொல்லியிருந்தா நீ போயிருப்பே. எனக்குத் தெரியும்" என்று அவள் பொய் சொன்னாள். அவருக்கு அது பொய் என்று தெரிந்தது. [இதில் சிலநாள் தங்கியிருந்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் அவளும் போய் உட்கார்ந்துகொள்வதுதான் இது.]

(ஈ)

நான்காவதற்கு எழுத்தை மட்டும் போட்டேன். பத்திரிகையிலிருந்து அழைத்துக் கட்டுரை என்னவாயிற்று என்றார்கள். எஞ்சினைப் பற்றிய பகுதி தயார், ஓட்டுபவரைப் பற்றிய பகுதிதான் நிற்கிறது என்றேன். எஞ்சினை மட்டும் கொடுங்கள் என்றார்கள். கொடுத்துவிட்டேன். உருளைகளின் படத்தோடு அச்சாகியிருக்கிறது, நன்றாகவே வந்திருக்கிறது.

மிச்சம் இதுதான். பாறையை உருட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். சட்டத்தில் பல் உடையவில்லை. பாலு மேலிருந்து விசில் ஊதி ரேணுகாவைக் கூப்பிட்டார். அவள் எஞ்சினிலிருந்து இறங்கினாள். இறங்கும்போது அவள் ஏதோ சொன்னாள். நீராவி சீறிய சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. தங்கவேலுவின் முகத்தைப் பார்த்தேன். கேட்டுவிட்ட முகமாகத்தான் இருந்தது.

இப்போது அவள் பெட்டிகளின் ஓரமாக மேல்நோக்கி நடக்கிறாள். கூரைகளிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பயணிகள் சலிப்போடு திரும்ப உட்காருகிறார்கள், ஒரு குழந்தை முறுக்கு கேட்டு அழுகிறது. நான் கீழே, எஞ்சினுக்கும் பின்னால் நிற்கிறேன். எனக்குத் தெரிவதெல்லாம் தூரப் போகும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டின் பின்புறம்.

நீங்கள் நடுப்பெட்டியில் சன்னலோரம் இருக்கிறீர்கள். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறது. துடைத்துக்கொள்ளுங்கள். அவள் உங்களைக் கடக்கப்போகிறாள், அவள் முகம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.